ஒரே எண்ணெயைக் குடிக்கும் இரண்டு எஞ்சின்கள்

மும்பையில் செம்பூரை அடுத்த மாஹுலில் உள்ள எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள் அவ்வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்குப் பழகிய காட்சியே எனினும், அங்கே பிரித்தெடுக்கப்படும் விமான எரிபொருள் நிலத்தடிக் குழாய் வழியாகவே சாந்தாகுரூஸ் விமான நிலையத்தைச் சென்றடைகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. ரேஷன் கடை மண்ணெண்ணெய்க்குப் பங்காளியான இந்த எண்ணெயில் தண்ணீரோ தூசியோ சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக, நிரப்பும் ஊழியர் கண்ணாடிச் சாடியில் மாதிரி பிடித்து வெளிச்சத்தில் சுழற்றிப் பார்ப்பதோடு, ஊசிக்குழாயின் நுனியில் மஞ்சள் வில்லை ஒன்றைப் பொருத்தி அதன் வழியே எண்ணெயை உறிஞ்சுவார். கண்ணுக்குத் தெரியாத நீர்த்துளிகள் இருந்தால் மஞ்சள் பச்சையாக மாறிவிடும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பது ஓடுதளத்தில் விளங்கும். ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் விமானத்தின் எடை, காற்று, வெப்பம், ஓடுதளத்தின் நீளம் ஆகியவற்றைக் கொண்டு ‘வி ஒன்’ எனப்படும் முடிவு வேகம் முன்கூட்டியே கணக்கிடப்படுகிறது; அதற்குள் எஞ்சின் பழுதானால் விமானி விசையைக் குறைத்து, பிரேக் போட்டு, இறக்கைமேல் தடுப்புப் பலகைகளை எழுப்பிப் புறப்பாட்டைக் கைவிடலாம்; அதைத் தாண்டிவிட்டாலோ நிற்பதற்கு ஓடுதளம் போதாது என்பதால், எஞ்சிய எஞ்சினை நம்பி மேலெழும்பியே ஆகவேண்டும்.

கெடுவது ஓர் எஞ்சின் மட்டுமே என்பது இக்கணக்கின் அடியில் உள்ள நம்பிக்கை. அந்த ஒன்று கெட்டதே பேரழிவாக முடிந்ததும் உண்டு: 1976 அக்டோபர் 12 அன்று மும்பையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இந்தியன் ஏர்லைன்ஸ் காரவெல் விமானத்தில், உலோகச் சோர்வால் உடைந்த எஞ்சின் தட்டின் சிதறல்கள் எரிபொருள் குழாயை அறுத்துத் தீ மூட்ட, திரும்பி இறங்க முயன்ற விமானம் வீழ்ந்து அதிலிருந்த 95 பேரும் மாண்டனர். அங்கே எண்ணெயின்மேல் குற்றமில்லை. மாசுபட்ட எரிபொருளோ, ஓர் எஞ்சின் மட்டுமே கெடும் என்ற நம்பிக்கையை வேரிலேயே அறுக்கிறது. இரு எஞ்சின்களும் குடிப்பது ஒரே எண்ணெயை அல்லவா? ஆகவே ‘வி ஒன்’னுக்கு முன்பே எஞ்சின் திணறிக் காட்டிக்கொடுத்துவிட்டால், அதை நல்லூழ் என்றே கொள்ளவேண்டும்.

2010 ஏப்ரல் 13 அன்று இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹாங்காங் சென்ற கத்தே பசிபிக் விமானத்துக்கு அந்த ஊழ் வாய்க்கவில்லை. விமான நிலையத்தின் எரிபொருள் குழாய்களில் பணி நடந்தபோது புகுந்த உப்புநீர், நீரை உறிஞ்சுவதற்கென்றே வடிகட்டியில் வைக்கப்பட்டிருந்த, குழந்தைகளின் டயப்பரில் இருப்பது போன்ற பொருளைச் சிதைத்தது. அதன் நுண்ணுருண்டைகள் எஞ்சின்களின் எரிபொருள் கட்டுப்பாட்டு உறுப்புகளில் ஒட்டிக்கொண்டதால், ஓர் எஞ்சின் ஏறக்குறைய செயலற்றுப்போக, மற்றொன்று குறைக்க முடியாத விசையில் சிக்கியது. மணிக்கு 425 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் தரைதொட்ட விமானத்தில் 322 பேரும் உயிர் தப்பினர். காக்க வந்த வடிகட்டியே மாசானது என்பதுதான் இதில் கசப்பான செய்தி. அவ்வகை வடிகட்டிகளுக்கான தர வரையறையை லண்டனின் எனர்ஜி இன்ஸ்டிடியூட் 2020 இறுதியில் விலக்கிக்கொண்டது.