வளைவைக் கற்றல்

நேர்கோடு வரைய ஓர் அடிமட்டம் போதும். வட்டம் வரையக் கவராயம் போதும். மாம்பழத்தின் மூக்கும், வள்ளத்தின் அணியமும், மனிதப் பாதத்தின் உட்குழிவும் இவ்விரு கருவிகளுக்கும் அகப்படாதவை. ‘கேட்’ எனச் சுருக்கமாக வழங்கும் கணினிவழி வடிவமைப்பைப் பொழுதுபோக்காகப் பயிலத் தொடங்கும் மாணவன், முதல் வாரத்திலேயே பெட்டியும் குழாயும் செய்து மகிழ்கிறான். மாம்பழம் ஒன்றைச் செய்யென்றால் திகைத்து நிற்கிறான். அத்திகைப்புக்காக அவன் வருந்த வேண்டியதில்லை. மிகப் பழைமையான ஒரு சிக்கலின் வாயிலுக்கு அவன் வந்து சேர்ந்திருக்கிறான் என்பதே அதன் பொருள்.

இச்சிக்கலைத் தொன்றுதொட்டே கையாண்டு வந்தவர்கள் மரக்கலம் கட்டுவோர். ஏராவை வைத்து, வங்குகளைப் பொருத்தி, அவற்றின்மேற் பலகையை வளைத்துப் பதிக்கும் ஓடாவிக்கு வளைவைக் கற்பிப்பது பலகையே. மெல்லிய மரச்சட்டமொன்றைச் சில இடங்களிற் பிடித்து வளைத்தால், எஞ்சிய இடங்களில் அது தானே ஒழுங்காக வளைந்துகொள்ளும். மேலைநாட்டுக் கப்பற் பட்டறைகளிலும் இவ்வியல்பையே துணைக்கொண்டனர். மெல்லிய சட்டத்தை ஈயக் கட்டிகளால் அழுத்திப் பிடித்து, அதன் ஓரமாகக் கோடிழுத்துக் கப்பலின் உருவத்தை வரைந்தனர். அச்சட்டத்துக்கு ‘ஸ்பிளைன்’ என்று பெயர். 1946இல் ஷோன்பேர்க் என்னும் கணித அறிஞர் அதன் இயல்பை ஒத்த கணிதச் சார்புகளுக்கும் அப்பெயரையே வழங்கினார். இன்று முல்லைத்தீவுக் கரையிற் கண்ணாடியிழைப் படகுகளே மிகுதி. ஆயினும் அவற்றை வார்க்கும் அச்சுக்கும் பலகை கற்பித்த அதே ஒழுங்கு வேண்டியிருக்கிறது.

மரச்சட்டத்தின் தொழிலைக் கணினிக்குக் கற்பித்தவர்கள் மோட்டார் வாகனம் செய்வோர். பிரான்சு நாட்டுச் சித்ரோவென் நிறுவனத்திற் பணியாற்றிய போல் த காஸ்தெல்ஜோ என்பவர் 1959இல் ஒரு முறையை வகுத்தார். நிறுவனம் அதனை மறைபொருளாகவே வைத்துக்கொண்டது. றெனோ நிறுவனத்துப் பியேர் பெசியே என்பவர் 1960களிலே தாமாகவே ஒத்த முறையைக் கண்டு வெளியிட்டார். ஆதலால் அவ்வளைவு இன்று பெசியே வளைவு என்றே வழங்குகிறது.

அதன் நுட்பம் எளிது. நான்கு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். வளைவு முதற்புள்ளியிற் புறப்பட்டு நான்காவதிற் சென்று முடிகிறது. இடையிலுள்ள இரண்டும் அதனைத் தம்பக்கம் இழுக்கின்றன. பொதுவாக அது அவற்றைத் தொடுவதில்லை. புறப்படும்போது இரண்டாம் புள்ளியை நோக்கிப் புறப்படும். முடியும்போது மூன்றாவதின் திசையிலிருந்து வந்து சேரும். ஒரு புள்ளியை அசைத்தால் வளைவு முழுவதும் அதற்கிணங்க நெகிழும்.

புதிதாகப் பயில்வோர் யாவரும் இங்கே ஒரு தவறு செய்வதுண்டு. உருவத்தை உள்ளபடி பிடிக்கவேண்டும் என்னும் ஆர்வத்தால் முப்பது புள்ளிகளை நெருக்கமாக இடுவர். வளைவு ஒவ்வொரு புள்ளிக்கும் பணிந்து அலை அலையாக நெளியும். ஓடாவி அடிக்கொரு முளையறைந்து பலகையை வளைப்பாரா? இரண்டு மூன்று இடங்களிற் பிடித்துவிட்டு, மீதியைப் பலகைக்கே விட்டுவிடுவார். புள்ளி குறையக் குறைய வளைவு தெளியும். எந்தப் புள்ளி வேண்டாதது என்று காணக் கற்பதே இக்கலையின் முதற்பாடம்.

இரண்டாம் பாடம் பொருத்துக்களைப் பற்றியது. இரு பரப்புக்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் மட்டும் போதாது; தொடுமிடத்தில் அவற்றின் திசை ஒன்றாதல் வேண்டும்; வளையும் அளவும் ஒன்றுதல் இன்னும் சிறப்பு. கண்ணுக்குத் தப்பும் பிழையைக் காண, உருவத்தின்மீது கறுப்பு வெள்ளை வரிகள் பிரதிபலிக்குமாறு செய்து பார்ப்பர். பொருத்திலே வரி முறிந்தாற் பரப்பும் முறிந்திருக்கிறது என்க.

இவற்றைப் பயிலப் பெரும்பொருள் வேண்டியதில்லை. 2002 முதல் ஆர்வலர் பலர் கூடி வளர்த்து, 2024 நவம்பரில் முதலாம் முழுப் பதிப்பாக வெளியிட்ட ‘ஃபிரீகேட்’ என்னும் மென்பொருளை எவரும் விலையின்றிப் பெறலாம். மாம்பழமொன்றை விரல் இடைவெளிக்கு ஒன்றாக அறுத்து, ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் தாளில் வரைந்து, அவ்வுருவங்களைக் கணினியில் முறைப்படி நிறுத்தி, மேலே ஒரு தோலைப் போர்த்திப் பார்க்கட்டும். அதுவே வங்குகளின்மேற் பலகை பதிக்கும் வேலை.

வன்னியிலே இக்கலை வெறும் பொழுதுபோக்கோடு நில்லாது என்பதற்குக் காரணம் உண்டு. 2009இல் முடிந்த போரினாலும், மண்ணிற் புதைந்திருந்த வெடிகளாலும் கால் இழந்தோர் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிற் பலர். செயற்கைக் கால் ஒருமுறை பெற்றால் ஆயுளுக்கும் போதுவதன்று. பிள்ளை வளரும்; பெரியவரின் உடல் மெலியும், பருக்கும். எஞ்சிய காலை ஏந்தும் கிண்ணத்தை மீண்டும் மீண்டும் புதிதாக அமைக்க வேண்டும்.

அக்கிண்ணம் அமைப்பது வளைவுக் கலையின் கடினமான பரீட்சை. பாரிசுச் சாந்தினாற் காலைப் பிரதியெடுத்தபின், வல்லுநர் அப்பிரதியை அப்படியே விடுவதில்லை. முழங்காற் சில்லின் கீழுள்ள தசைநாண் பாரம் தாங்கவல்லது. ஆகவே அவ்விடத்தை அரத்தாற் குறைக்கிறார். எலும்பு தோலோடு ஒட்டிநிற்கும் இடம் நோவைத் தாங்காது. அங்கே சாந்தைக் கூட்டி இடமளிக்கிறார். காலை வருடி உருவெடுக்கும் கருவிகள் இக்காலத்தில் வந்துள்ளன. அவை பல்லாயிரம் முக்கோணங்களாலான பிரதியைச் சில நிமிடங்களிற் கணினிக்குத் தருகின்றன. எங்கே அழுத்துவது, எங்கே விடுவது என்ற அறிவை அவை தருவதில்லை. அப்பிரதியை மாற்றாமற் கிண்ணமாக்கினால் அது புண்ணையே தரும்.

இவ்வறிவுக்குப் பட்டம் ஒன்றே வழியன்று என்பதற்கு ஜெய்ப்பூர்க் கால் சான்று. 1960களின் பிற்பகுதியில், கைவினைஞராகிய ராமச்சந்திர சர்மாவும் எலும்பு மருத்துவர் பிரமோத் கரண் சேத்தியும் இணைந்து இறப்பராற் பாதம் ஒன்றை உருவாக்கினர். வெறுங்காலோடு நடக்கவும், குந்தியிருக்கவும், சம்மணமிடவும் நம் மக்களுக்கு அது இடந்தந்தது. ஆர்வலர் முயற்சிக்கும் சான்று உண்டு. 2011இல் விரல்களை இழந்த தென்னாபிரிக்கத் தச்சர் றிச்சாட் வான் ஆஸ், அமெரிக்காவிலே பொம்மலாட்டக் கை செய்து கொண்டிருந்த ஐவன் ஓவனோடு கடல்கடந்து கூட்டுச்சேர்ந்தார். அவ்விருவரும் வடிவமைத்த செயற்கைக் கையை 2013இல் உலகத்துக்குப் பொதுவாக்கினர்.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். உடற்பாரம் தாங்கும் கிண்ணத்தை ஆர்வலன் தானே செய்து பிறருக்கு அணிவித்தல் தகாது. முப்பரிமாண அச்சுப்பொறிகளிற் பெரிதும் வழங்கும் மலிவான பிளாஸ்ரிக் ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய வாகனத்துள் வைத்தாலே கோணிப்போகக்கூடும். கரண்டியைப் பிடிக்க உதவும் பிடி, ஊன்றுகோலின் கைப்பிடி, காலின் வடிவத்தை மறைவின்றிக் காட்டும் உறை முதலியவற்றில் அவன் கை பழகட்டும்.

கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இயங்குகிறது. வவுனியாவிலே 2021இல் தனிப் பல்கலைக்கழகம் தோன்றியது. செயற்கைக் கால் அமைப்பதிற் பழகிய கைகள் யாழ்ப்பாணத்து ஜெய்ப்பூர் நிலையத்தில் உள்ளன. கணினியறிந்த மாணவனும் காலறிந்த வல்லுநரும் ஒரே மேசையில் அமர்வதற்கு இடையூறு தூரமன்று, பழக்கமின்மையே. ஆசிரியர்கள் மனம் வைத்தால் அது நீங்கும். மாணவன் இட்ட வளைவை முதலிற் கண் சோதிக்கும். பின்னர்க் கறுப்பு வெள்ளை வரிகள் சோதிக்கும். முடிவான தீர்ப்பைச் சொல்லவேண்டியவர், அதனை அணிந்து வயல் வரம்பிலே நடந்து மாலையில் வீடு திரும்பும் மனிதரே.