விண்டோஸ் 11-க்கு மாறியதும் கேம் திணறுகிறதா, சத்தம் போய்விட்டதா? கணினியை மாற்றும் முன் இவற்றைப் பாருங்கள்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக்கொண்டது. அதையொட்டிப் பல வீடுகளில் பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்கு மாறி வருகின்றன. மாறிய பிறகு பிள்ளைகளிடமிருந்து வரும் புகார் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, நன்றாக ஓடிக்கொண்டிருந்த கேம் திணறுகிறது. மற்றொன்று, ஹெட்செட்டில் சத்தம் வரவில்லை.

கணினி கெட்டுவிட்டது என்று பெற்றோர் நினைக்கிறார்கள். புதிதாக வாங்க வேண்டுமோ என்ற கவலையும் வந்துவிடுகிறது. ஆனால், இயங்குதளம் மாறிய உடனே தொடங்கும் இத்தகைய கோளாறுகளில் பலவும் பணம் செலவழிக்காமலேயே தீரக்கூடியவை.

சத்தம் ஏன் முதலில் பாதிக்கப்படுகிறது?

கணினியின் ஒவ்வொரு பாகத்தையும் இயங்குதளத்தோடு பேச வைப்பது ‘டிரைவர்’ எனப்படும் சிறு மென்பொருள். இயங்குதளம் மாறும்போது, கணினியைத் தயாரித்த நிறுவனம் தந்த டிரைவருக்குப் பதிலாக விண்டோஸின் பொதுவான டிரைவர் வந்து அமர்ந்துவிடலாம். அப்போது சத்தம் குறையலாம். மைக் வேலை செய்யாமல் போகலாம்.

இது இன்று நேற்று தொடங்கிய சிக்கல் அல்ல. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தின் ‘சவுண்ட் பிளாஸ்டர்’ அட்டைகள் ஒரு காலத்தில் உலகம் முழுவதும் கேம் பிரியர்களின் கணினிகளில் இருந்தன. 2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா, ஒலியைக் கையாளும் முறையையே மாற்றியது. அதுவரை பல கேம்கள் ஒலி வேலையை நேரடியாக அந்த அட்டையிடம் ஒப்படைத்து வந்தன. விஸ்டா அந்த வழியை அடைத்து, ஒலிக் கலவையை மென்பொருளே செய்யும்படி வைத்தது. ஒலி டிரைவரில் ஏற்படும் கோளாறு முழுக் கணினியையும் முடக்கிவிடக்கூடாது என்பது அதற்கு ஒரு காரணம்.

விளைவு? பழைய கேம்களில் குகை எதிரொலி, பின்னால் வரும் காலடிச் சத்தம் போன்ற நுணுக்கங்கள் காணாமல் போயின. அட்டையில் எந்தப் பழுதும் இல்லை. அந்த ஒலியை வேறு வழியாக அட்டைக்குக் கொண்டுசேர்க்க ‘ஆல்கெமி’ என்ற மென்பொருளை கிரியேட்டிவ் பிறகு வெளியிட்டது.

விண்டோஸ் 11-இலும் இது போன்ற சம்பவங்கள் உண்டு. 2024 அக்டோபரில் வந்த 24எச்2 பதிப்பு, ‘டிராக்’ ஒலி மென்பொருள் இருந்த சில கணினிகளில் ஒலியை அடியோடு நிறுத்தியது. ‘அசாசின்ஸ் கிரீட் வல்ஹாலா’ உள்ளிட்ட சில கேம்கள் பாதியில் உறைந்து நின்றன. பாதிக்கப்பட்ட கணினிகளுக்கு அந்தப் பதிப்பு போகாமல் மைக்ரோசாஃப்ட் தடுத்து வைத்தது. பின்னர் திருத்தங்கள் வெளிவந்தன.

சத்தம் வராவிட்டால்...

முதலில் ‘செட்டிங்ஸ்’, ‘சிஸ்டம்’, ‘சவுண்ட்’ என்று சென்று ஒலி எங்கே போகிறது என்று பாருங்கள். ஹெட்செட்டுக்குப் போக வேண்டிய ஒலி, ஸ்பீக்கரே இல்லாத திரைக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

அது சரியாக இருந்தால், கணினி அல்லது மதர்போர்டு தயாரிப்பாளரின் அதிகாரபூர்வ இணையத்தளத்தில் உங்கள் மாடலுக்குரிய ஒலி டிரைவரைப் பதிவிறக்குங்கள். ‘எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் பக்கம் போக வேண்டாம். அவற்றோடு வேண்டாத நிரல்களும் சேர்ந்து வரக்கூடும்.

புளூடூத் ஹெட்செட்டில் நண்பர்களோடு பேசத் தொடங்கியதும் சத்தம் பழைய தொலைபேசி போல் ஆகிவிடுகிறதா? அது பழுது அல்ல. வழக்கமான புளூடூத் முறையில் மைக் திறந்தவுடன் ஒலியின் தரம் இறங்கிவிடும். கம்பியுள்ள ஹெட்செட் அல்லது தனி மைக் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் இருக்காது.

கேம் திணறினால்...

கேம் திணறினால் முதலில் புதுப்பிக்க வேண்டியது கிராஃபிக்ஸ் டிரைவர். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் மூன்று நிறுவனங்களும் அதைத் தங்கள் தளங்களில் இலவசமாகவே தருகின்றன.

அடுத்து, ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு அம்சம். தீய நிரல்கள் இயங்குதளத்தின் ஆழத்திற்குள் நுழையாமல் இது காக்கிறது. ஆனால், சில கணினிகளில் கேமின் வேகத்தை இது குறைக்கலாம் என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே ஒப்புக்கொண்டுள்ளது. விளையாடும்போது அணைத்துவிட்டு, முடிந்ததும் மீண்டும் திறக்கலாம் என்பது அதன் ஆலோசனை. வங்கிக் கணக்கைத் திறக்கவும் அதே கணினிதான் என்றால், அணைக்காமல் இருப்பதே நல்லது.

எதைச் செய்தும் சரிவரவில்லை என்றால், மாறிய 10 நாட்களுக்குள் ‘சிஸ்டம்’, ‘ரிக்கவரி’ பகுதியில் ‘கோ பேக்’ என்பதை அழுத்தி விண்டோஸ் 10-க்கே திரும்பலாம்.

குறுக்கு வழி எதற்கு?

விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு அவசியம். இன்டெல் என்றால் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலி வேண்டும். ‘பிசி ஹெல்த் செக்’ என்ற மைக்ரோசாஃப்ட்டின் இலவசச் செயலி உங்கள் கணினி தகுதியானதா என்று சொல்லிவிடும். சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயாஸ் அமைப்பில் அணைந்து கிடக்கும். அதைத் திறந்துவிட்டாலே போதும்.

தகுதியில்லாத கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக்கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால், ‘வேலரன்ட்’ கேம் விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0, ‘செக்யூர் பூட்’ இரண்டும் இல்லாமல் திறக்காது. ‘பேட்டில்ஃபீல்ட் 6’ கேமுக்கும் செக்யூர் பூட் கட்டாயம். பிள்ளை எந்தக் கேமுக்காக ஆசைப்பட்டாரோ, அதுவே ஓடாமல் போகலாம்.

அப்படிப்பட்ட கணினி வைத்திருப்போருக்கும் அவகாசம் உண்டு. விண்டோஸ் 10-க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புப் புதுப்பிப்புகளை 2026 அக்டோபர் 13 வரை பெறலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, அமைப்புகளை அதில் சேமிக்க அனுமதித்தால் கட்டணம் இல்லை. இல்லையென்றால் 30 அமெரிக்க டாலர். பிள்ளைகளின் பள்ளிப் பாடமும் அப்பாவின் வங்கிக் கணக்கும் ஒரே கணினியில் இருக்கும் வீடுகள், கடைக்குப் போவதற்கு முன் ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தைத் திறந்து இதற்குப் பதிவு செய்துகொள்வது நல்லது.