குறை கேட்கும் கலை



பள்ளி ஆசிரியனாகவும் பின்னர்த் தலைமையாசிரியனாகவும் பல்லாண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பணியின் தொடக்க நாள்களில் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும், "புரிந்ததா?" என்று வகுப்பை நோக்கிக் கேட்பேன். "புரிந்தது ஐயா!" என்று நாற்பது குரல்கள் ஒன்றாக ஒலிக்கும். நானும் மனநிறைவோடு அடுத்த பாடத்திற்குச் செல்வேன். ஓர் ஆண்டு, கடைசி வரிசை மாணவன் ஒருவன் கணக்குத் தேர்வில் வெற்றுத் தாளைக் கொடுத்துவிட்டான். அழைத்து வினவினேன். பின்னக் கணக்குத் தொடங்கிய நாளிலிருந்தே தனக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றான். "அன்றே ஏன் சொல்லவில்லை?" என்றேன். "எல்லாரும் புரிந்தது என்றார்கள், ஐயா" என்று தலைகுனிந்தான். மறு ஆண்டு அவன் பள்ளிக்கு வரவில்லை. பிழை அவனுடையதன்று, கேட்கத் தெரியாமல் கேட்ட என்னுடையது.

கேள்வி கேட்பது வேறு; குறை கேட்பது வேறு. இவ்வேறுபாட்டைத் திறந்த மூல மென்பொருள் என்னும் துறையைக் கொண்டு இன்று விளக்க விரும்புகிறேன்.

கணிப்பொறி என்ன செய்ய வேண்டும் என்று கூறும் கட்டளைகளின் தொகுதியே மென்பொருள். அக்கட்டளைகளை மனிதர் எழுதிய வடிவில் மூலநிரல் என்பர். வணிக நிறுவனங்கள் பல அதனை வெளியிடுவதில்லை. எவரும் மூலநிரலைப் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்னும் உரிமையோடு வெளியிடப்படுவதே திறந்த மூல மென்பொருள்.

நம் சிற்றூர்களில் கலப்பை செய்த தச்சரை எண்ணிப் பாருங்கள். "மேழி கைக்கு வாகாக இல்லை" என்று உழவர் கூறினால், அன்று மாலையே செதுக்கிச் சீர் செய்துவிடுவார். செய்தவரும் பயன்படுத்தியவரும் ஒரே ஊரினர். மென்பொருளின் நிலை அதுவன்று. எழுதியவர் ஒரு கண்டத்தில் இருப்பார். பயன்படுத்துவோர் வேறொரு கண்டத்தில் இருப்பர். இவ்விருவரிடையே பழைய உரையாடலை எவ்வாறு மீட்பது? இதற்கு வரலாறு தரும் விடை சுவையானது.

ஆண்ட்ரூ டானன்பாம் என்னும் பேராசிரியர் ஆம்ஸ்டர்டாம் நகரில் மினிக்ஸ் என்னும் இயங்குதளத்தை எழுதி, 1987-ஆம் ஆண்டில் ஒரு பாடநூலோடு வெளியிட்டார். கணிப்பொறியின் உறுப்புகளையும் மற்ற மென்பொருள்களையும் இணைத்து நடத்துவதே இயங்குதளம். மினிக்ஸைப் பயன்படுத்தியோர், இவ்வசதி வேண்டும், அவ்வசதி வேண்டும் என்று பலவாறு கேட்டனர். அவரோ பெரும்பாலானவற்றை ஏற்கவில்லை. மாணவர் கற்று முடிக்கும் அளவில் அது சிறியதாக இருத்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. ஆசிரியர் என்னும் முறையில் அவர் செய்தது சரியே.

பின்லாந்தின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் லைனஸ் டோர்வால்ட்ஸ் என்னும் இருபத்தொரு வயது மாணவர் இருந்தார். 1991 ஆகஸ்டு 25 அன்று, மினிக்ஸ் பயன்படுத்துவோரின் செய்திக் குழுவுக்கு அவர் ஒரு மடல் விடுத்தார். பொழுதுபோக்காகத் தாம் ஓர் இயங்குதளம் எழுதிவருவதாகவும், மினிக்ஸில் அவர்கள் விரும்புவன எவை, விரும்பாதன எவை என்று அறிய விழைவதாகவும் அதில் எழுதினார். எந்த யோசனையையும் வரவேற்பேன். ஆயினும் நிறைவேற்றுவதாக உறுதி கூறமாட்டேன் என்றும் குறிப்பிட்டார். "என் படைப்பு நன்றாக உள்ளதா?" என்று அவர் கேட்கவில்லை. குறை எங்கே என்று கேட்டார். கொடுக்க இயலாத வாக்கையும் கொடுக்கவில்லை. நான் என் வகுப்பில் செய்யத் தவறியது இதுதான்.

அம்மென்பொருளே பின்னர் லினக்ஸ் எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டின் இறுதியில் ஜெர்மனியிலிருந்து ஒருவர் ஒரு குறையைத் தெரிவித்தார். அவர் கணிப்பொறியின் நினைவகம் இரண்டு மெகாபைட் மட்டுமே. லினக்ஸின் மூலநிரலை இயங்கும் வடிவிற்கு மாற்றித் தரும் தொகுப்பி என்னும் கருவிக்கு அது போதவில்லை. வேறொரு சிறிய தொகுப்பி கிடைக்குமா என்பது அவர் வேண்டுகோள். டோர்வால்ட்ஸின் பொறியில் அத்தகைய தட்டுப்பாடு இல்லை. ஆயினும் அவர் அதனைப் புறக்கணிக்கவில்லை. சிறிய தொகுப்பி ஒன்றைத் தேடித் தரவும் இல்லை. நினைவகம் நிரம்பும்போது அதில் உள்ளவற்றுள் ஒரு பகுதியை வட்டுக்கு மாற்றி வைக்கும் வசதியைக் கிறிஸ்துமஸ் விடுமுறையில் எழுதிச் சேர்த்தார். மினிக்ஸில் இல்லாத வசதி அது. கேட்டது ஒன்று, அதன் அடியில் இருந்த தேவை மற்றொன்று. சொல்லைக் கேட்டுத் தேவையை உணர்வதே குறை கேட்கும் கலையின் உயிர்நாடி.

மற்றொன்றும் நிகழ்ந்தது. லினக்ஸை எவரும் பணத்துக்கு வழங்கலாகாது என்பது முதலில் அவர் வகுத்த விதி. நெகிழ்வட்டுகளில் படியெடுத்துப் பிறர்க்கு வழங்க முன்வந்தோர், அதற்கான செலவையேனும் பெற வேண்டுமே என்றனர். அவர்கள் கூற்றில் நியாயம் கண்ட அவர், 1992-இல் ஜி.பி.எல். என்னும் பொது உரிமத்திற்கு மாறினார். லினக்ஸ் உலகெங்கும் பரவ அம்மாற்றம் பெருந்துணையாயிற்று. இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடித்தளமாக விளங்குவது லினக்ஸ் கருநிரலே. உலகின் மிக விரைவான ஐந்நூறு மீக்கணிப்பொறிகளின் பட்டியலில் உள்ளவை அனைத்தும் 2017 நவம்பர் முதல் லினக்ஸிலேயே இயங்குகின்றன.

அவ்வாறாயின், கேட்போர் கேட்டதையெல்லாம் செய்துவிடலாமா? அன்று. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் ஒரு பொத்தானைச் சேர்த்துக்கொண்டே போனால், முடிவில் எப்பொத்தானை அழுத்துவது என்று எவருக்கும் தெரியாது. மேலும், மடல் எழுதுவோர் பெரும்பாலும் துறை அறிந்தவர்கள். தடுமாறுவோர் வாய் திறப்பதில்லை. ஆகவே 2001-இல், குனோம் என்னும் திறந்த மூலத் திரைச்சூழலைச் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தார் வேறு முறையில் ஆராய்ந்தனர். சிலரை அதன் முன் அமர்த்தி, சிறுசிறு வேலைகளைக் கொடுத்து, எங்கே தயங்குகின்றனர் என்று நோக்கினர். 2002-இல் வெளிவந்த குனோமின் இரண்டாம் பதிப்பு பல விருப்பத் தெரிவுகளைக் குறைத்து எளிமையை நாடியது. தெரிவுகள் குறைந்ததை வெறுத்த பழைய பயனரும் உண்டு. எல்லாரையும் நிறைவு செய்வது எவர்க்கும் இயலாது. ஆனால், ஏன் இம்முடிவு என்று காரணம் கூறுவது கடமை.

டெபியன் என்னும் லினக்ஸ் வகையை உருவாக்குவோர் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். 1997-இல் அவர்கள் வெளியிட்ட சமூக ஒப்பந்தத்தில், குறைகளை மறைக்கமாட்டோம் என்று உறுதி கூறினர். பயனர் அறிவிக்கும் பிழைகளின் பதிவேடு முழுவதும் எந்நேரமும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்திருக்கும். தம் குறைப் பட்டியலைத் தாமே வாசலில் தொங்கவிடும் நிறுவனங்கள் எத்தனை உள்ளன?

மாணவர்களே, இதில் உங்களுக்கும் பங்கு உண்டு. மருத்துவரிடம் "உடம்பு சரியில்லை" என்று மட்டும் கூறினால் அவர் என்ன செய்வார்? "மூன்று நாளாக மாலையில் குளிர்காய்ச்சல் வருகிறது" என்றால் வழி பிறக்கும். பிழை அறிவிப்பதும் அவ்வாறே. எந்தப் பதிப்பு, நீங்கள் செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நிகழ்ந்தது என்ன என்னும் நான்கையும் வரிசையாக எழுதுங்கள். நிரல் எழுதத் தெரியாதவரும் இதனைச் செய்யலாம். தமிழ் எழுத்து ஒரு மென்பொருளில் உடைந்து தோன்றினால், அதனைத் தமிழ் படிப்பவர் சொல்லாமல் வேறு யார் சொல்வர்?

அந்த மாணவன் சென்ற பிறகு நான் "புரிந்ததா?" என்று கேட்பதை நிறுத்திக்கொண்டேன். பாடம் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு சிறு தாளில், விளங்காத இடத்தைப் பெயரிடாமல் எழுதித் தர வேண்டும். மறுநாள் பாடம் அவ்விடத்திலிருந்தே தொடங்கும். முதல் நாள் முப்பத்தேழு சீட்டுகள் வந்தன. அவற்றைப் படித்தபோது எனக்கு வெட்கம் உண்டாயிற்று. ஆனால் அன்றுதான் நான் ஆசிரியனானேன் என்று கருதுகிறேன். நீங்கள் நாளை எதனை உருவாக்கினாலும், முதலில் அச்சீட்டுகளைக் கேட்டு வாங்குங்கள்.