நூறு படங்களுக்கு ஒரே கட்டளை

அருங்காட்சியகம், பத்திரிகை அலுவலகம், இணைய அங்காடி போன்று ஒளிப்படங்கள் நூற்றுக்கணக்கில் வந்து குவியும் இடங்களில், ஒவ்வொன்றையும் தனித்தனியே திறந்து வெட்டிச் சுருக்கிச் சேமிப்பது கட்டுப்படியாகாது என்பதால், ஒரே கட்டளையைப் படங்கள் அனைத்தின் மீதும் வரிசையாகச் செயல்படுத்தும் தொகுதிச் செயலாக்கம் என்னும் முறை பின்பற்றப்படுகிறது. இதற்கென வழங்கும் மென்பொருள்களுள் ஒன்றான இமேஜ்மேஜிக், டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ஜான் கிரிஸ்டியால் 1987-இல் தொடங்கப்பட்டு, 1990-இல் கட்டணமின்றிப் பொதுவில் வெளியிடப்பட்டது. அதன் ‘மாக்ரிஃபை’ என்ற கட்டளை, ஒரு கோப்புறையிலுள்ள படங்கள் அனைத்தையும் ஒரே வரியில் மாற்றிவிடுகிறது.

அளவைச் சுருக்குதல் முழுக்க முழுக்கக் கணக்கு வேலையாகும். 6000 × 4000 பிக்சல், அதாவது 2 கோடியே 40 லட்சம் நிறப்புள்ளிகள் கொண்ட படத்தை 1200 × 800 ஆக்கும்போது, 25 புள்ளிகள் இருந்த இடத்தில் ஒரு புள்ளியே எஞ்சுகிறது. அவற்றுள் ஏதேனும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிட்டால், கம்பிவலை, கட்டம்போட்ட துணி போன்ற நுண்ணிய கோடுகள் மீது இல்லாத அலைவரிகள் தோன்றிவிடும். எனவே, ஹங்கேரியில் பிறந்த கணிதவியலாளர் கார்னீலியஸ் லான்சோஸின் பெயரால் வழங்கும் வடிகட்டி, சுற்றியுள்ள புள்ளிகளையும் கணக்கில் சேர்த்து, அருகிலிருப்பவற்றுக்கு மிகுதியாகவும் தொலைவிலிருப்பவற்றுக்குக் குறைவாகவும் மதிப்பளித்துப் புதிய புள்ளியின் நிறத்தை வரையறுக்கிறது.

கத்தரித்தலோ அவ்வாறு கணக்குக்குள் அடங்குவதில்லை. 1200 × 800 படத்தை 800 × 800 சதுரமாக்க நடுப்பகுதியை வைத்துக்கொள்ளுமாறு கட்டளையிட்டால், இடத்திலும் வலத்திலும் 200 பிக்சல் நீங்கும். பெரும்பாலான நிலக்காட்சிகளுக்கு இது கேடு செய்வதில்லை. ஆனால் 800 × 1200 அளவுள்ள ஆளுருவப் படத்தில் அதே விதி மேலிருந்து 200 பிக்சலை நீக்கும்போது, தலைக்கு மேல் இடைவெளி குறைவாக இருந்தால் நெற்றியோடு வெட்டிவிடுகிறது. மேல்விளிம்பை விடாமல் கீழிருந்து மட்டும் வெட்டுமாறு விதியை மாற்றலாம் எனினும், எந்தப் படத்துக்கு எந்த விதி என்பதை முன்கூட்டியே பிரித்துத் தருவது மனிதக் கண்ணின் பொறுப்பாகவே உள்ளது.

படத்தின் நிமிர்வும் கவனத்துக்குரியது. நிமிர்த்திப் பிடித்து எடுத்த படத்தையும் பல கேமராக்கள் கிடைநிலையிலேயே பதிந்து, எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பை எக்ஸிஃப் எனப்படும் விவரப்பகுதியில் எழுதிவைக்கின்றன. அக்குறிப்பின்படி படத்தை முதலில் திருப்பாமல் கத்தரித்தால், மேற்புறம் என்று கருதப்பட்டது உண்மையில் பக்கவாட்டாக இருந்துவிடும்.

மேலும், மாக்ரிஃபை தனியிடம் குறிப்பிடப்படாவிடில் மூலக் கோப்பின் மீதே எழுதிவிடுவதால், வெட்டப்பட்ட பகுதியை மீட்க வழியிராது. ஜேபெக் வடிவம் படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து நுண்விவரங்களைக் குறைத்தே சேமிப்பதால், திரும்பத் திரும்பச் சேமிக்குந்தோறும் தரம் குறையக்கூடும். ஆகவே, மூலப்படங்களை ஒதுக்கிவைத்து, இனவாரியாகப் பிரித்த நகல்களை, திருப்புதல், கத்தரித்தல், சுருக்குதல் மூன்றையும் அடக்கிய ஒரே கட்டளையால் மாற்றி, ஒருமுறை மட்டும் சேமிப்பதே பாதுகாப்பான நடைமுறையாகும்.