கச்சேரி ரத்து... ஆனாலும் தெருவில் கூடிப் பாடிய ஸ்விஃப்ட் ரசிகர்கள்! வியன்னாவில் நடந்தது என்ன?

டிக்கெட் கையில் இருக்கு. டிரெஸ் ரெடி. ராத்திரி எல்லாம் உட்கார்ந்து பாசி கோர்த்த பிரேஸ்லெட்கள் ஒரு பை நிறைய இருக்கு. வெளிநாட்டிலிருந்து வந்து ஓட்டலில் ரூமும் போட்டாச்சு. விடிந்தால் கச்சேரி. அந்த நேரத்தில் போனில் ஒரு செய்தி: 'நிகழ்ச்சி ரத்து'.

2024 ஆகஸ்ட் 7 அன்று ஆஸ்திரியாவின் வியன்னாவில், டெய்லர் ஸ்விஃப்ட் ரசிகர்களுக்கு நடந்தது இதுதான்.

என்ன காரணம்?

ஆகஸ்ட் 8, 9, 10 ஆகிய மூன்று நாட்கள் எர்ன்ஸ்ட் ஹாப்பல் மைதானத்தில் 'எராஸ் டூர்' நடக்க இருந்தது. கச்சேரியைக் குறிவைத்துத் தாக்குதல் நடத்தச் சதி நடப்பதைக் கண்டுபிடித்த போலீஸார், 19 வயது இளைஞர் ஒருவரைக் கைது செய்தனர். பாதுகாப்பு கருதி மூன்று நிகழ்ச்சிகளையும் அமைப்பாளர்கள் ரத்து செய்தனர். டிக்கெட் பணம் திருப்பித் தரப்படும் என்றும் அறிவித்தனர். ஆனால், விமானத்துக்கும் ஓட்டலுக்கும் கொடுத்த காசு? மாதக்கணக்கில் காத்திருந்த காத்திருப்பு?

ஏன் அந்தத் தெரு?

அழுதுவிட்டு ஊருக்குக் கிளம்புவார்கள் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். ரசிகர்களோ வியன்னாவின் கார்னேலியுஸ்காஸ்ஸெ என்ற தெருவில் கூடினார்கள். ஸ்விஃப்டின் 2019 ஆல்பமான 'லவ்வர்'-இல் நியூயார்க்கின் 'கார்னீலியா ஸ்ட்ரீட்' பெயரில் ஒரு பாட்டு உண்டு. கிட்டத்தட்ட அதே பெயர் இந்தத் தெருவுக்கும். அது போதாதா! கச்சேரிக்காக வாங்கிய டிரெஸ்ஸையே போட்டுக்கொண்டு வந்து, சேர்ந்து பாடினார்கள். முன்பின் தெரியாதவர்களுடன் பிரேஸ்லெட் மாற்றிக்கொண்டார்கள். அங்கிருந்த மரத்திலும் கட்டித் தொங்கவிட்டார்கள்.

பிரேஸ்லெட் எதுக்கு?

2022-ல் வந்த 'மிட்நைட்ஸ்' ஆல்பத்தின் ஒரு பாட்டில் 'ஃபிரெண்ட்ஷிப் பிரேஸ்லெட்' பற்றி ஒரு வரி வரும். ரசிகர்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். எழுத்து மணிகளில் பாட்டுப் பெயர்களைக் கோர்த்து, மைதானத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் மாற்றிக்கொள்வது வழக்கமானது. இதை யாரும் விற்கச் சொல்லவில்லை, விளம்பரமும் செய்யவில்லை. தனியாக வந்தவருக்கும் பேச்சைத் தொடங்க ஒரு சாக்கு கிடைத்தது.

பாடகி மீது ஏன் இவ்வளவு ஒட்டுதல்?

ஸ்விஃப்ட் பாடுவதோடு நிற்பவர் அல்ல, எழுதுபவரும்கூட. 2010-ல் வெளியான 'ஸ்பீக் நவ்' ஆல்பத்தின் 14 பாடல்களையும் தனி ஆளாக எழுதினார். காதல், சண்டை, தோல்வி என எல்லாம் அவர் டைரியிலிருந்து வருவதுபோல இருக்கும். 15 வயதில் கேட்ட பாட்டை 30 வயதில் கேட்கும் ரசிகைக்கு, தன் பழைய டைரியைப் புரட்டுவது மாதிரி.

கச்சேரியிலும் அதற்கு இடம் இருந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் நீண்ட நிகழ்ச்சியில் பெரும்பாலான பாடல்கள் முன்கூட்டியே தெரிந்தவை. ஆனால், கிட்டாரிலும் பியானோவிலும் தனியாக வாசித்துப் பாடிய 'சர்ப்ரைஸ்' பகுதி மட்டும் இரவுக்கு இரவு மாறியது. 'நம்ம பாட்டு இன்னைக்கு வருமா?' என்பதுதான் கச்சேரிக்கு முன் ஒவ்வொருவரும் கேட்ட கேள்வி.

பிறகு என்ன ஆச்சு?

ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 15-ல் லண்டன் வெம்ப்ளி மைதானத்தில் டூர் மீண்டும் தொடங்கியது. 2023 மார்ச்சில் ஆரம்பித்த பயணம் 149 நிகழ்ச்சிகளோடு 2024 டிசம்பர் 8-ல் கனடாவின் வான்கூவரில் முடிந்தது. வியன்னாவுக்கு மாற்றுத் தேதி கிடைக்கவே இல்லை.

அந்த மூன்று இரவுகளில் எந்த சர்ப்ரைஸ் பாட்டு வந்திருக்கும்? டிக்கெட் பணத்தோடு அந்தப் பதில் திரும்பி வரவில்லை. தெருவில் யாரோ ஒருவர் கையில் கட்டிவிட்ட பிரேஸ்லெட்டோடுதான் அவர்கள் ஊர் திரும்பினார்கள்.