விதந்து என்பது யார் பெயர்?

எங்க வீட்டுப் பரணில் கிடந்த தகரப் பெட்டியில் ஒரு பழைய பாகப்பிரிவினைப் பத்திரம் அகப்பட்டது. மயிலாப்பூரில் ஒரு வீட்டைப் பற்றியது. அதில் ஒரு வரி: "ஷையார் விதந்துவுக்கு ஜீவனாம்சத்துக்காக வீட்டின் மேல்பாகம் ஆயுள் பரியந்தம்."

யாருப்பா இந்த விதந்து? குடும்பத்தில் அப்படி ஒரு பெயரை யாரும் கேட்டதில்லை.

அது பெயரே இல்லை. விதந்து என்றால் கைம்பெண். 'ஷை' என்றாலும் '௸' என்றாலும் மேற்படி. பரியந்தம் என்றால் வரை. ஆக, விதந்து என்பது தாத்தாவின் அண்ணி. அவருக்கு ஜீவனாம்சமாக, வாழ்நாள் முடியும் வரை, வீட்டில் ஒரு பகுதி.

அடுத்தது தேதி. 'சர்வஜித்து௵ ஐப்பசி௴' என்று இருந்தது. ௵ வருஷம், ௴ மாதம். தமிழ் வருஷப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும். அப்போ இது 1887-ஆ, 1947-ஆ? பத்திரத்தோடு குத்தியிருந்த வரி ரசீதில் 'பசலி 1357' என்று இருந்தது. பசலி ஆண்டு ஜூலை 1-ல் தொடங்கும். அதோடு 590 கூட்டினால், அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1357-க்கு 1947.

இதெல்லாம் வெறும் சொல் ஆராய்ச்சி இல்லை. 1956-ல் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்தது. ஒரு பெண்ணின் வசம் இருந்த சொத்து அவருக்கே முழு உரிமையாகும் என்றது அதன் 14-வது பிரிவு. ஆனால் பத்திரமே உரிமையைக் குறைத்துக் கொடுத்திருந்தால், அந்த அளவுதான் என்று ஒரு விலக்கும் வைத்தது. 'ஆயுள் பரியந்தம்' என்பதை மட்டும் படித்தால் அண்ணி இந்த விலக்கில் விழுந்துவிடுவார்.

1977-ல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. கைம்பெண்ணுக்கு ஏற்கெனவே இருக்கும் ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்த சொத்து என்றால் விலக்கு பொருந்தாது, அது அவருக்கே முழுச் சொத்தாகிவிடும். அதாவது 'ஜீவனாம்சத்துக்காக' என்ற அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது.

"பாவம்னு அண்ணிக்கு ஒரு ரூம் விட்டுக் கொடுத்தோம்" என்றுதான் எங்க வீட்டில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பத்திரம் அப்படிச் சொல்லவில்லை. அது தானம் இல்லை, அவருக்குச் சேரவேண்டியது.

பின்னாளில் யாரோ இதை நல்ல தமிழில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். அதில் 'வாழ்நாள் முழுவதும் வசிக்கலாம்' என்று மட்டும்தான் இருக்கிறது, ஜீவனாம்சத்தைக் காணோம். உங்க வீட்டுப் பத்திரத்தைப் படியெடுத்தால் புரியாத சொல்லையும் அப்படியே எழுதுங்க. பொருளை ஓரத்தில் குறிச்சுக்கலாம்.