கடைச் சீட்டைக் காத்த துறவிகள்

விஞ்ஞானக் கற்பனைக் கதைகள் நமக்குப் பழக்கமானவை அல்ல. அதிலும் உலகம் அழிந்த பின் நடப்பதாகச் சொல்லும் கதைகள் நமக்கு வெகு தூரம். ஆயினும் அன்பரொருவர் வற்புறுத்தியதால், அமெரிக்க எழுத்தாளர் வால்டர் மில்லர் எழுதி 1959-இல் வெளிவந்த 'எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்' என்னும் ஆங்கிலப் புதினத்தைப் படித்தோம். விஞ்ஞானக் கதைகளுக்கான ஹியூகோ பரிசை 1961-இல் பெற்ற நூல் அது.

தவக்கால நோன்பிருக்கும் இளந்துறவி ஒருவருடன் பாலைவனத்தில் கதை தொடங்குகிறது. அணுகுண்டுப் போரில் நாகரிகம் சாம்பலாகி ஆறு நூற்றாண்டுகள் ஆகின்றன. பிழைத்த மக்கள், கற்றவர்களே இவ்வழிவுக்குக் காரணம் என வெகுண்டு, அவர்களைக் கொன்று நூல்களை எரித்தனர். லீபோவிட்ஸ் என்னும் யூத மின்பொறியாளர் துறவியாகி, எஞ்சிய நூல்களைக் காக்க ஒரு சபையை நிறுவித் தாமும் கொலையுண்டார். அச்சபையைச் சேர்ந்த பிரான்சிஸ், மண்ணில் புதைந்த பழைய பதுங்கறை ஒன்றைக் காண்கிறார். 'ஃபால்அவுட்' என்பது அணுக்கதிர்த் தூசி என்பதை அவர் எப்படி அறிவார்? அதை ஓர் அரக்கன் என்றே எண்ணுகிறார். பதினைந்து பேருக்கு இடம் என்ற அறிவிப்பைக் கண்டு, பதினைந்து அரக்கர்கள் குடியிருப்பதாக நடுங்குகிறார்! உள்ளே கிடைத்தவையோ இறைச்சியும் ரொட்டியும் வாங்கச் சொல்லும் ஒரு கடைச் சீட்டும், லீபோவிட்ஸ் கையொப்பமிட்ட மின்சுற்று வரைபடம் ஒன்றும். பொருள் ஏதும் விளங்காமலே அவ்வரைபடத்தைப் பொன் தீட்டிப் பதினைந்து ஆண்டுகள் நகலெடுக்கிறார் பிரான்சிஸ். வழியில் மறித்த கள்வன் பொன்னழகில் மயங்கி நகலைப் பறித்துக்கொள்ள, மூலம் தப்புகிறது.

சிரித்துக்கொண்டே படித்த நம்மை ஆசிரியர் அடுத்துத் திகைக்க வைக்கிறார். நாம் நேசிக்கத் தொடங்கிய அத்துறவி அம்பு பாய்ந்து இறக்க, கழுகுகள் வட்டமிடுகின்றன. கதை அறுநூறு ஆண்டுகள் தாவி, புது மனிதரோடு மீண்டும் தொடங்குகிறது. கதாநாயகனைப் பின்தொடர்ந்தே பழகிய நமக்கு இது சற்றுக் கொடுமையாகவே பட்டது.

மூன்றாம் பகுதியில் மீண்டும் விஞ்ஞானம் செழிக்கிறது. மீண்டும் குண்டுகள் விழுகின்றன. கதிர்வீச்சால் துடிக்கும் குழந்தையோடு ஒரு தாய். கருணைக் கொலை செய்யும் முகாமுக்குப் போகாதிருக்குமாறு அவளிடம் மடாதிபதி மன்றாடுகிறார். அவளோ மருத்துவர் பின்னால் போய்விடுகிறாள். சினமடக்க இயலாத மடாதிபதி மருத்துவரை அடித்தும் விடுகிறார். திருச்சபையின் போதனையைச் சொல்பவரை ஆசிரியர் வெற்றிபெறச் செய்யவில்லை. தாயின் வேதனையைக் குறைத்துக் காட்டவுமில்லை. நூலின்மேல் நமக்கு நம்பிக்கை பிறந்தது இவ்விடத்தில்தான்.

இரண்டாம் உலகப் போரில் மில்லர் விமானப்படை வீரர். புனித ஆசீர்வாதப்பர் நிறுவிய மோந்தே கசீனோ மடத்தை 1944 பிப்ரவரி 15 அன்று தகர்த்த குண்டுவீச்சில் பங்கேற்றவர். 1947-இல் கத்தோலிக்கரானார். அம்மடத்தின் சுவடிகள் 1943-லேயே உரோமைக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்ததால் தப்பின.

கல்லூரி வயதுப் பிள்ளைகளுக்கு ஏற்ற நூல். இலத்தீன் சொற்கள் மிகுதி. பழைய பூசைப் புத்தகம் அறிந்த பெரியவர் வீட்டில் இருந்தால், அவரை அருகில் அமர்த்திக்கொண்டு படிக்கலாம்.